இரண்டாம் செவ்வாய்

குளோரின் அறைக் கணினிக்கு வயது பதினாறு.
மின்விசிறியை மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று.
பைசாந்துவுக்கு வடக்கே, ஆறு வளையும் இடத்தில்,
நாலாயிரம் வீட்டுக் குழாய்களுக்கு
எவ்வளவு மருந்து கலப்பது என்று
அதுதான் சொல்கிறது.
ஒருநாளும் தப்பாய்ச் சொன்னதில்லை.
அதுதான் தொல்லை.

பழுதானால் மாற்றுவார்கள்.
அது பழுதாகவில்லை.
அதற்குள் ஓடும் மென்பொருளைச் செய்தவர்கள்
ஒரு அக்டோபரில் கைகழுவிக்கொண்டார்கள்:
இனி ஒட்டுப்போட வரமாட்டோம்.
பம்பு பேசும் பாஷையோ
இந்தக் கிழத்துக்கு மட்டும்தான் புரியும்.
புதுக் கணினி வாங்கினால் புதுப் பம்பு,
புதுப் பம்பு வாங்கினால் புதுக் குழாய்,
குழாய் என்றதும் தலைநகரத்தில்
கோப்பை மூடிவிடுகிறார்கள்.

முதல் கடிதத்துக்குப் பதில்: நிதியாண்டு முடியட்டும்.
இரண்டாவதுக்கு: மூன்று விலைப்புள்ளி வேண்டும்.
மூன்றாவதுக்கு, பதில் எழுதுகிறவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

பொறியாளர் எத்சேவெரி
மாத்தேக் குடுவையின் குழலை உறிஞ்சியபடி கேட்டார்:
"பூட்டு இருக்கிறதா?"
இருக்கிறது.
"நேற்று வரை பூட்டியதா?"
பூட்டியது.
"பிறகென்ன, நீபியா?"

எப்படிச் சொல்வது.
ஒரே தச்சன் இரண்டு வீடு கட்டினான்.
புது வீட்டுக்கு மாதாமாதம்
இரண்டாம் செவ்வாயன்று வருகிறான்.
"அடுப்படிச் சன்னலில் கீழ்க்கீல் தளர்ந்திருக்கிறது,
இந்தா ஆணி."
ஊருக்கே கேட்கும்படி சொல்கிறான்.
பழைய வீட்டிலும் அதே சன்னல்,
அதே கீல்.
ஆணிதான் இல்லை.
திருடன் தேடி அலைய வேண்டாம்,
காது கொடுத்தால் போதும்.
வெறுவாய்ச் செவ்வாய் எங்களுக்கு.

இதைச் சொல்லியும் பார்த்தேன்.
"நம்ம ஊர்த் தண்ணீர் யாருக்கு வேண்டும்?" என்றார்.

ஜூன் குளிர். இரவுப் பணி.
கை சும்மா இருக்காமல்
பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
மார்ச் ஒன்பது, விடிகாலை மூன்று பத்து.
யாரோ உள்ளே வந்திருக்கிறார்.
என் பெயரில்.
என் கடவுச்சொல்லில்.
பதினோரு நிமிடம்.
எதையும் தொடவில்லை, எடுக்கவில்லை.
மருந்து அளவுப் பக்கத்தைத் திறந்து
பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெளியே போய் வாயிற்காவலர் வால்தெமாரைக் கேட்டேன்,
மார்ச்சில் ராத்திரி யாராவது வந்தார்களா என்று.
வெகுநேரம் யோசித்தார்.
"ஒரு நரி. இரண்டு தடவை."

மார்ச் ஒன்பது.
மகனுக்குக் காய்ச்சல், அதனால் நினைவிருக்கிறது.
மூன்று மணி வாக்கில்
குழாயைத் திறந்து துணி நனைத்து
அவன் நெற்றியில் போட்டேன்.
"இன்னும் தண்ணி" என்றான்.
கொடுத்தேன்.

உடைத்திருந்தால் உடைத்தவன் என்று சொல்லலாம்.
பார்த்துவிட்டுப் போனவனுக்கு
என்ன பெயர் வைப்பது?
திருடன் என்றால் களவு எங்கே?
விருந்தாளி என்றால்
எந்த வாசல் வழியாக?
எதற்காகத் திரும்பி வருவான்?

நீல வயரைப் பிடுங்கினேன்.
இவ்வளவு சின்னச் சத்தம்,
நகம் வெட்டுவதுபோல.
கணினிக்கு ஒன்றும் தெரியவில்லை,
பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
மணிக்கொரு தரம் நடந்துபோய்
கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து
மருந்துத்தூள் போட்டு
நிறம் பார்த்து நோட்டில் எழுதினேன்.
இளஞ்சிவப்பு.
இளஞ்சிவப்பு.
ஐந்து மணிக்குச் சற்று வெளிறல்; திருகைக் கால் சுற்று திறந்தேன்.
இளஞ்சிவப்பு.

இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்தால்
வயர் மறுபடி செருகியிருந்தது.
திரைமேல் மஞ்சள் சீட்டு,
எத்சேவெரியின் சாய்ந்த எழுத்து:
"வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை."

சீட்டைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதினேன்:
"அவனாலும்தான்."